பையில் பதினேழு மட்டைகள்

1

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் அதிகமாக எழுதியது என் பெயரைத்தான், அதுவும் சம்பளத் தாளில். ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்று சந்தேகம் வந்தால் மகள் தேவிகாவைக் கேட்பேன். அவள் இங்கே தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள். ஆனால் இதில் அவளும் வருகிறாள் என்பதால் அவளிடம் காட்டவில்லை. நம் ஊர் மலர் இதழை நடத்தும் தங்கவேல் திருத்திப் போடட்டும். "நீ மலேசியா போய் இருபத்தைந்து வருசம் ஆச்சு, ஏதாவது எழுதி அனுப்பு" என்று கேட்டவன் அவன்தான்.

எதை எழுதுவது என்று ஆறு மாதம் யோசித்தேன். இரட்டைக் கோபுரம், பத்துமலை எல்லாம் போனவர் வந்தவர் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது புல். கொஞ்சம் கோல்ஃப். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் இருப்பது கோலசிலாங்கூர் மாவட்டத்தில், அசாம் ஜாவாவுக்கு உள்ளே. சுற்றிலும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே ஒன்பது குழி உள்ள ஒரு சின்ன கோல்ஃப் திடல். வெள்ளைக்கார துரைமார் விளையாடுவதற்காகப் போட்டது என்பார்கள். அங்கே புல் வெட்டுகிறேன். என் அம்மாவின் அண்ணன் சிறுவயதிலேயே இங்கே வந்து, தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை வேலை வாங்குகிறவராக இருந்தார். அவர் மகள் லெட்சுமி எனக்கு முறைப்பெண். அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன்தான் நான்.

வந்தவுடன் யாரும் இந்த நாட்டுக்காரன் ஆகிவிட முடியாது. முதல் பன்னிரண்டு வருடம், ஆண்டுக்கு ஒருமுறை லெட்சுமி என்னோடு குடிநுழைவு அலுவலகத்துக்கு வந்து, இவர் என் கணவர், இன்னும் என்னோடுதான் வாழ்கிறார் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் எனக்கு இன்னொரு வருடம். நாங்கள் சண்டை போட்டுக்கொண்ட வருடங்களிலும் அவள் போட்டாள். முகப்பில் இருக்கும் அதிகாரி மலாயில் கேட்கும் கேள்விக்கெல்லாம் நான் தலையை ஆட்டுவேன். ஒருமுறை "இதற்கு முன் நாடு கடத்தப்பட்டதுண்டா" என்ற கேள்விக்கும் ஆட்டிவிட்டேன். லெட்சுமி என் தாடையைப் பிடித்து நிறுத்தினாள். இப்போது சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. நிரந்தரமாக இருக்கலாம், ஓட்டு மட்டும் இல்லை. தோட்டத்துக்காரர்களுக்கு நான் இன்னும் "ஊர்க்காரர்"தான், அதாவது தமிழ்நாட்டிலிருந்து வந்தவன்.

2

எங்கள் திடலில் திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு விடுமுறை. அன்றுதான் மணல் தூவுவோம், உரம் போடுவோம். மூன்று மணிக்கு வேலை முடிந்தால் இருட்டும்வரை வேலையாட்கள் விளையாடிக்கொள்ளலாம். எழுதி வைத்த விதி இல்லை, பழக்கம். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, கூட வேலை செய்யும் முனியாண்டி என் கையில் ஒரு துருப்பிடித்த மட்டையைத் திணித்து, "அடிச்சுப் பாருண்ணே, புல்லு வெட்டுற மாதிரிதான்" என்றான். அன்று பந்து மூன்றடி உருண்டது. புல் நன்றாக வெட்டுப்பட்டது.

எங்களிடம் யாருக்கும் முழு செட் கிடையாது. உறுப்பினர்கள் தூக்கிப் போட்டது, மறந்து விட்டுப்போய் ஒரு வருடம் யாரும் கேட்காதது, பிடி கழன்றது, இப்படி ஆளுக்கு ஆறோ ஏழோ. அதை வைத்தே ஒன்பது குழிக்கு எழுபது அடி அடித்துக்கொண்டிருந்தவன் ஐம்பதுக்கு வந்துவிட்டேன். கோல்ஃபில் எண்ணிக்கை குறைந்தால்தான் நல்ல ஆட்டம். நாற்பத்தெட்டு ஒருமுறை வந்தது. அன்று லெட்சுமியிடம் சொன்னேன். "சரி, குளிச்சிட்டு வாங்க" என்றாள்.

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இது நல்ல விளையாட்டு. பந்து சும்மா கிடக்கும். யாரும் நம்மோடு பேச வேண்டியதில்லை.

3

தேவிகாவுக்கு இருபத்து நான்கு வயது. ராவாங்கில் ஒரு அலுவலகத்தில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, மாதத்தில் இரண்டு ஞாயிறு வீட்டுக்கு வருவாள். வந்தாலும் கைப்பேசியோடுதான் இருப்பாள். சின்ன வயதில் என் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து திடலைச் சுற்றியவள், இப்போது என்னிடம் பேசினால் நாலு வார்த்தையில் மூன்று ஆங்கிலம். எனக்குப் புரியாதபோது சிரித்துவிடுவேன். நான் புரியாமல் சிரிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே பேச்சு குறைந்து போனது.

கூட வேலை செய்யும் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். பையனின் அப்பா குணசேகரன், தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ராவாங்குக்குப் பக்கத்தில் சுங்கை சோவில் சொந்த வீடு. ஒரு ஞாயிறு அவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தம்மா நல்ல மாதிரிதான். ஆனால் என் சிவப்பு அட்டையைப் பற்றி ஒருமுறையும், நான் எதுவரை படித்தேன் என்று ஒருமுறையும் கேட்டார். லெட்சுமி தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குணசேகரன் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த என் பையைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, நீங்க விளையாடுவீங்களா?"

"சும்மா, திங்கக்கெழமையில, சார்."

"சார் எதுக்கு? நானும் ஞாயித்துக்கெழம போவேன். அடுத்த மாசம் நம்ம பக்கம் வாங்களேன், ஒரு ரவுண்ட் போவோம். பதினெட்டு குழி ஒண்ணா நடந்தா மனுசன் தெரிஞ்சிடுவான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தம்மா சிரிக்கவில்லை. நான் எழுந்து பையைக் கதவுக்குப் பின்னால் இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

அவர்கள் போன பிறகு தேவிகா, "அப்பா, நீங்க போகணும்னு இல்ல லா. ஸ்ட்ரெஸ் ஆகாதீங்க. நான் ஏதாச்சும் சொல்லி கேன்சல் பண்ணிடுறேன்" என்றாள்.

என்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். புல் வெட்டுகிறவன், படிக்காதவன், பெரிய திடலில் போய் மானத்தை வாங்கிவிடுவான் என்று பயப்படுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் போவதென்று முடிவு செய்தேன். அந்த வீட்டில் என் மகள் நாளைக்கு வாழப்போகிறாள். "ஒங்கப்பாவா, அவருக்கு என்ன தெரியும்" என்று அவளிடம் யாரும் சொல்லக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

4

இனி மட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரும்பு மட்டைகளில் இரண்டு ஜாதி. ஒன்று பிளேடு. பெயருக்கு ஏற்றபடி மெல்லிசாக, கத்தி போல் இருக்கும். அடித்து உருவாக்கிய இரும்பு. பந்து சரியாக நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது, வெண்ணெயை வெட்டியதுபோல் இருக்கும். ஒரு விரல் தள்ளிப் பட்டால் முழங்கைவரை மின்சாரம் அடிக்கும், பந்தும் போகாது. இன்னொன்று முதுகைக் குடைந்து, கனத்தையெல்லாம் ஓரத்தில் வைத்தது. அடிப்பக்கம் அகலம். இதில் ஓரத்தில் பட்டாலும் பந்து எழும்பும், கொஞ்சம் குறைவாகவாவது போய்ச் சேரும். மன்னிக்கிற மட்டை என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். என்னைப்போல் கற்றுக்கொண்டிருப்பவனுக்கு இது நல்லது என்பார்கள்.

லெட்சுமிதான் என்னை ராவாங்கில் பழைய மட்டை விற்கும் கடைக்கு இழுத்துப் போனாள். "தூக்கிப் போட்ட கம்பையெல்லாம் எடுத்துக்கிட்டு சம்பந்தி முன்னால நிப்பீங்களா?" என்றாள். தூரத்துக்குத் தகுந்தபடி மட்டைக்கு எண் உண்டு. ஐந்தாம் எண்ணிலிருந்து ஆறு தடித்த இரும்புகள் வாங்கினோம். முனியாண்டி பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, அன்னதானத்துக்குப் போறீங்களா? சோத்துக் கரண்டி மாதிரி இருக்கு" என்றான். திங்கட்கிழமை முழுதும் அந்தப் பெயர்தான்.

அடுத்த வாரமே ஒரு விஷயம் நடந்தது. எங்கள் திடலில் வெகுகாலம் விளையாடிய சீனப் பல் மருத்துவர் ஒருவர், மகனிடம் வெளிநாடு போகிறார். என்னைக் கூப்பிட்டு ஒரு துணிப்பையைக் கொடுத்தார். ஏழு பிளேடுகள். ஒரு மாதம் அடித்துப் பார், பிடித்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் வேறு யாருக்காவது கொடுக்கிறேன் என்றார். இளவயதிலிருந்து அவர் கையிலேயே இருந்தவை. நடுவில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு மட்டும் தேய்ந்திருந்தது. அத்தனை வருடமும் அதே இடத்தில் அடித்திருக்கிறார் மனுசன்.

அதில் ஏழாம் எண்ணை எடுத்து முதலில் அடித்த அடியை இன்றைக்கும் மறக்கவில்லை. சத்தமே இல்லை. பந்து செம்பனை உயரத்துக்கு எழும்பி, நின்று, இறங்கியது. அடுத்த அடி என் கையை உதறவைத்தது.

மூன்று திங்கட்கிழமை, ஆறாவது குழியின் வாய்க்கால் ஓரத்தில் நின்று, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துப் பந்தாக அடித்துப் பார்த்தேன். பிளேடில் பத்துக்கு மூன்று அருமை, நாலு சுமார், மூன்று வாய்க்காலுக்குள். கரண்டியில் அருமை என்று ஒன்றும் இல்லை, ஆனால் எட்டு புல்லில் கிடந்தது. இதுவரை கணக்கு தெளிவு. ஆனால் பிளேடு உண்மையைச் சொல்லும். எங்கே பட்டது என்று கைக்கு உடனே தெரியும், அடுத்த அடியில் திருத்திக்கொள்ளலாம். கரண்டி ஒன்றும் சொல்லாது. அதையே வைத்திருந்தால் நான் தப்பாக அடிப்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும். முன்னேற வேண்டும் என்று நினைக்கிறவன் எதை எடுப்பது?

சந்தைக்குப் போகும்போதெல்லாம் என் அப்பா பட்டறைக் கடையில் நின்று மெல்லிய வாய் மண்வெட்டியைத் தூக்கிப் பார்ப்பார். விரல் முட்டியால் தட்டி, காதில் வைத்துக் கேட்பார். எங்களுக்குச் சரளை நிலம். கடைசியில் தடித்ததைத்தான் வாங்குவார். நடந்து வரும்போது அந்த மெல்லியதைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார். எங்களுக்கு ஒரு குழி வயல் இருந்திருந்தால் அதை வாங்கியிருப்பார்.

மண்ணைப் பொறுத்ததுதான் இரும்பு. இங்கே கடலோரக் களிமண். மழை பெய்தால் சொதசொதவென்று இருக்கும். பிளேடு மண்ணுக்குள் இறங்கிவிடும், அகலமான கரண்டி மேலாக வழுக்கிக்கொண்டு போகும். ராவாங் பக்கம் மேட்டு நிலம். அங்கே மண் இறுகியிருந்தால் கரண்டி தரையில் மோதித் துள்ளும், பிளேடுதான் சரி. அங்கே என்ன மண், என்ன புல், முதல்நாள் மழை பெய்யுமா, எதுவும் எனக்குத் தெரியாது. புல்காரனுக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு என்ன?

கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போவதென்று முடிவு செய்தேன். அங்கே போய் மண்ணை மிதித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆறு கரண்டி, ஏழு பிளேடு, மற்றவை நாலு. பையைத் தூக்கும்போது தோள் இறங்கியது. எவ்வளவு நன்றாக ஏற்பாடு செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது.

5

எனக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். தேவிகாதான் தன் காடியில் கூட்டிப்போனாள்; இங்கே காரை அப்படித்தான் சொல்வோம். விளையாடாவிட்டாலும் கூடவே வருவதாகச் சொல்லிவிட்டாள். திடலுக்குள் போகும் சின்ன பக்கி வண்டியையும் அவளே ஓட்டினாள். நான் பக்கத்தில். இன்னொரு வண்டியில் குணசேகரனும் அவர் நண்பர் மணியமும். மணியம் ஓயாமல் பேசுகிற மனிதர்.

முதல் குழியில் கரண்டியால் அடித்துத் தப்பித்தேன். பந்து எங்கே போனதென்று பார்க்காமல் புல்லைத்தான் பார்த்தேன். நல்ல புல், கொஞ்சம் அதிகமாக உரம் போட்டிருந்தார்கள். மணியத்தின் பந்து மணல் குழியில் விழுந்தது. அவர் அடித்துவிட்டு ஏறிய உடனே என் கால் தானாக அங்கே போய், வாரியை எடுத்து அவர் மிதித்த இடத்தைச் சமன் செய்துவிட்டது. பக்கத்துக் குழியில் யாரோ அடிக்க நின்றால், நான் மரத்தோரமாக ஒதுங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். இருபது வருடப் பழக்கம்.

"குணா, நல்ல ஆளத்தான் கூட்டிட்டு வந்திருக்க, மணலெல்லாம் வாரிக் குடுக்குறாரு!" என்று மணியம் சிரித்தார்.

தேவிகாவைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது குழியில் பிளேடு. மருத்துவர் கொடுத்த அந்த ஏழாம் எண். வெண்ணெய். பந்து கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது. "ஆத்தாடி, அண்ணே!" என்றார் மணியம். எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்றாவதிலும் அதையே எடுத்தேன். இறுகிய மண்ணுக்கு இதுதான் சரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் இன்னொரு "ஆத்தாடி" கேட்க ஆசை. கையில் மின்சாரம் அடித்தது. பந்து குளத்தில்.

நாலாவது குழியின் தொடக்கத்தில் காத்திருந்தபோது மணியம் என் பையை எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அண்ணே... பதினேழு இருக்கு!"

"ஆமாங்க. ரெண்டு செட்டு."

"பதினாலுக்கு மேல வெக்கக்கூடாதுண்ணே! தெரியாதா ஒங்களுக்கு?"

தெரியாது. எங்கள் திங்கட்கிழமையில் ஏழுக்கு மேல் வைத்திருந்தவனை நான் பார்த்ததில்லை. இதற்கு ஒரு எல்லை இருக்கும் என்று எப்படித் தோன்றும்? மணியம் தொடையைத் தட்டிச் சிரித்தார். பின்னால் காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் கையில் இருந்த பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமான பந்து.

மணியத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "பரவால்ல, விடு குணா. பாவம், புல்லு வெட்டுறவரு. அவருக்கு எதுக்கு பெனால்டி எல்லாம்" என்றார்.

குணசேகரன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"ஏன் விடணும்? நம்மகூடத்தான விளையாடுறாரு. நமக்கு என்ன ரூலோ அதுதான் அவருக்கும்." கணக்கு அட்டையில் எழுதினார். "குழிக்கு ரெண்டு. மொத்தம் நாலு அடி சேத்திருக்கேண்ணே. அதுக்கு மேல கெடையாது. இப்ப எதை வெச்சிக்கிறீங்க, எதை எடுக்கிறீங்கன்னு சொல்லிடுங்க."

"மூணு எடுத்தா போதும்ணே" என்றார் மணியம்.

நான் பைக்கு முன்னால் நின்றேன். எல்லோரும் காத்திருந்தார்கள். ஏழு பிளேடுகளையும் ஒவ்வொன்றாக உருவினேன்.

"ஏழையுமா?"

"ஆமாங்க. இதுல பத்துக்கு மூணுதான் நல்லா போவுது. அந்த மூணுக்காகத்தான் கொண்டாந்தேன். நீங்க பாக்கணும்னு." முன்பின் தெரியாதவர்கள் முன்னால் இவ்வளவு நான் பேசியதில்லை. "எனக்கு இன்னும் இதுல அடிக்கத் தெரியாது. இந்தக் கரண்டிதான் என்னோட ஆட்டம்."

குணசேகரன் தலையை ஆட்டினார். "அப்ப அடிங்க. ஒங்க ஆனர்" என்றார். முன் குழியில் நன்றாக ஆடியவர் முதலில் அடிக்கும் மரியாதை அது. முன் குழியில் குளத்தில் போட்ட எனக்கு எப்படி முதல் முறை வரும் என்று தெரியவில்லை. அவர் கணக்கில் தப்பியிருக்கலாம். நான் கேட்கவில்லை.

தேவிகா இறங்கிவந்து பிளேடுகளை என் கையிலிருந்து வாங்கி, துணிப்பைக்குள் போட்டு, இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு பதினைந்து குழியும் கரண்டிதான். தரையில் சில தடவை துள்ளியது. ஒரு ஆத்தாடியும் இல்லை. நூற்றுப் பதினொன்று, பெனால்டியையும் சேர்த்து. குணசேகரன் நூற்று நாலு. மணியம் தன்னுடையதைச் சொல்லவில்லை.

6

திரும்பி வரும்போது தேவிகா சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள். நான்தான் ஆரம்பித்தேன்.

"மன்னிச்சிடும்மா. ஒனக்கு அவமானமாப் போச்சு."

அவள் காடியை ஓரமாக நிறுத்திவிட்டாள். செம்பனை லோரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின.

"எனக்கா? எனக்கு எதுக்குப்பா அவமானம்?"

"நீ போக வேணாம்னு சொன்னியே."

"அவங்க ஒங்களை டெஸ்ட் பண்ணப்போறாங்கன்னு எனக்குக் கோவம்பா. அந்த ஆன்டி ஒங்க படிப்பைக் கேட்டப்பவே முடிவு பண்ணிட்டேன். நானும் கூடப் போறேன், அவங்க எப்பிடின்னு நான் பாக்குறேன்னு. அதுக்குத்தான் பக்கி ஓட்டுனேன். இல்லன்னா இந்த வெயில்ல எவ உக்காருவா?"

அவள் சொன்னது ஏறக்குறைய முழுதும் தமிழில் இருந்தது என்பதைக் கவனித்தேன்.

"மணியம் அங்கிள் 'பாவம் விடு'ன்னு சொன்னாருல்ல, அப்ப குணா அங்கிளைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவரும் சரி விடுன்னு சொல்லியிருந்தா, அங்கேயே வண்டியைத் திருப்பியிருப்பேன். கல்யாணம் கெடக்குது. அவரு நாலு போட்டாரு பாருங்க..."

முடிக்காமல் கண்ணாடியைப் பார்த்து லோரி வருகிறதா என்று கவனித்தாள். பிறகு காடியை எடுத்தாள்.

நிச்சயதார்த்தம் கார்த்திகையில். அந்தம்மா நேற்று லெட்சுமிக்குப் போன் செய்து, சேலை நிறம் கேட்டார். பிளேடுகளில் ஏழாம் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஆறையும் பல் மருத்துவரிடம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வாய்க்கால் ஓரத்தில் பத்துப் பந்து அதில் அடிக்கிறேன். இப்போது பத்துக்கு நாலு.

குணசேகரன் எழுதிய அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார். மூன்றாவது குழியின் கட்டத்துக்குப் பக்கத்தில் நாலு என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். என் பெயரை முழுதாக, செல்வராசு என்று தமிழில் எழுதியிருக்கிறார். பிழை இல்லை.

தங்கவேல் கேட்டது சித்திரையில். உட்கார்ந்து எழுதி முடித்தது இன்று, ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை.